கூடுதல் வரி கட்டியும் கிடைக்காத பள்ளிக்கூடம்

1968 மே 16. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரின் மேற்குப் பகுதியிலுள்ள எட்ஜ்வுட் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 400 பேர் வகுப்பைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். ஊர்வலமாகப் பள்ளி நிர்வாகத்தின் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். உடைந்த ஜன்னலை மாற்றுங்கள், கழிப்பறையைச் சரிசெய்யுங்கள், தகுதி பெற்ற ஆசிரியர்களைப் போடுங்கள் என்று கேட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்காமலே இருக்க வேண்டியவை இவை.

பிள்ளைகள் கிளம்பியதும் பெற்றோரும் கூடினார்கள். அவர்களில் ஒருவர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ். கடற்படையிலும் விமானப்படையிலும் இருந்துவிட்டு, கெல்லி விமானப்படைத் தளத்தில் தகட்டு வேலை பார்த்து வந்தவர். அவருடைய பிள்ளைகள் படித்த எட்ஜ்வுட் தொடக்கப்பள்ளியின் மேல்மாடி லாயக்கில்லை என்று மூடப்பட்டுக் கிடந்தது. அங்கே வௌவால்கள் குடியிருந்தன. பள்ளிக்கு வரும் பணத்தை அதிகாரிகள் யாரோ தின்றுவிடுகிறார்கள் என்றுதான் பெற்றோர் முதலில் நினைத்தார்கள். ஆர்தர் காக்மன் என்ற வழக்கறிஞரிடம் போனபோது, திருட்டு நடந்ததால் பணம் குறையவில்லை, எட்ஜ்வுட்டுக்கு வரும் பணமே அவ்வளவுதான், அதற்குக் காரணம் மாநிலத்தின் சட்டம் என்று அவர் விளக்கினார். அந்த ஜூலையிலேயே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு பதிவானது.

அந்தச் சட்டம் என்ன என்பதை நம் வாசகர்களுக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. மயிலாப்பூரில் வேலை பார்த்தாலும் முதுகுளத்தூரில் வேலை பார்த்தாலும் அடிப்படைச் சம்பள விகிதம் ஒன்றுதான். அமெரிக்காவில் பெரும்பாலும் பள்ளிகளை நடத்துவது ‘பள்ளி மாவட்டம்’ என்கிற தனி அமைப்பு. அதற்கென்று எல்லைக்கோடு உண்டு, தேர்தலில் வென்று வரும் உறுப்பினர்கள் உண்டு, வரி போடும் அதிகாரமும் உண்டு. ஒரே நகரத்துக்குள் ஏழெட்டுப் பள்ளி மாவட்டங்கள் இருக்கலாம். டெக்சாஸில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, தொழிற்சாலை, எண்ணெய்க் கிணறு எல்லாவற்றின் மதிப்பையும் கணக்கிட்டு, அதன்மேல் சொத்து வரி விதித்துப் பள்ளிக்குச் செலவிடும். மாநில அரசு ஒரு தொகை தரும், மத்திய அரசு கொஞ்சம் தரும். எல்லைக்கோட்டுக்குள் பெரிய பெரிய பங்களாக்கள் இருந்தால் பள்ளிக்கு யோகம். சிறு வீடுகள் மட்டும் இருந்தால் அந்தப் பிள்ளைகளின் பாடு திண்டாட்டம்.

எட்ஜ்வுட்டிலிருந்து அதே நகர வட்டாரத்தின் வடக்கே போனால் அலமோ ஹைட்ஸ். இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). 1967-68 கணக்கு, இந்த வழக்கில் பின்னர் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. எட்ஜ்வுட்டில் சுமார் 22,000 மாணவர்கள், அவர்களில் 90 சதவீதம் மெக்சிகோ வம்சாவளியினர். ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று பிரித்தால் அங்கிருந்த சொத்தின் மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் சுமார் 5,000 மாணவர்கள், பெரும்பாலும் வெள்ளையர். அங்கே ஒரு மாணவருக்குச் சொத்து மதிப்பு 49,000 டாலருக்கு மேல்.

இனி வரி விகிதத்தைப் பாருங்கள். எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அந்த நகர வட்டாரத்திலேயே அதுதான் மிக அதிகம். அலமோ ஹைட்ஸ்காரர்கள் கட்டியது 85 சென்ட். மாநிலத் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்கு மிஞ்சியது 26 டாலர், அலமோ ஹைட்ஸில் 333 டாலர். மாநில அரசாவது ஏழைப் பக்கம் தாராளமாகக் கொடுத்ததா? எட்ஜ்வுட் பிள்ளைக்கு 222 டாலர், அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 225 டாலர். வசதியான பக்கத்துக்கே மூன்று டாலர் கூட! மத்திய அரசின் உதவியையும் சேர்த்தால் அங்கே 594 டாலர், இங்கே 356 டாலர்.

இந்த எண்களை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. “ஏழைகளுக்குக் கல்வியில் அக்கறை கிடையாது, அதனால்தான் பள்ளிக்குச் செலவு செய்ய மாட்டேன் என்கிறார்கள்” என்று எந்த ஊரிலும் ஒரு பேச்சு உண்டு. எட்ஜ்வுட்காரர்கள் குறைந்த வருமானத்திலும் கூடுதல் விகிதத்தில் வரி கட்டிக் காட்டினார்கள். அதற்கு மேலும் கட்டத் தயாராக இருந்தாலும் முடியாது. அந்தக் கவுண்டியில் மிக அதிகமாக வசூலாகும் தொகையை எட்ட, அலமோ ஹைட்ஸ் நூறு டாலருக்கு 68 சென்ட் விதித்தால் போதும், எட்ஜ்வுட் 5.76 டாலர் விதிக்க வேண்டியிருக்கும் என்று தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார் நீதிபதி பைரன் ஒயிட். சட்டம் அனுமதித்த உச்சவரம்போ 1.50 டாலர்.

அந்தப் பணம் வகுப்பறையில் என்னவாக மாறியது என்பதும் பதிவில் இருக்கிறது. எட்ஜ்வுட் ஆசிரியர்களில் 47 சதவீதம் பேர் தற்காலிக அனுமதியில் பாடம் எடுத்தவர்கள், அலமோ ஹைட்ஸில் 11 சதவீதம். மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழி சொல்ல அலமோ ஹைட்ஸில் 645 மாணவருக்கு ஓர் ஆலோசகர் இருந்தார். எட்ஜ்வுட்டில் 3,098 மாணவருக்கு ஒருவர். எந்தக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பம் போட வேண்டும், உதவித்தொகை எங்கே கிடைக்கும் என்று கேட்க 3,098 பிள்ளைகள் ஒரே ஆளின் கதவைத் தட்ட வேண்டும். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் அந்த ஒரு ஆள் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பார்?

1971 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. மாநில அரசு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. வழக்கின் பெயர் ‘சான் அன்டோனியோ பள்ளி மாவட்டம் எதிர் ரோட்ரிகஸ்’. முதலில் எதிர்த்தரப்பில் சேர்க்கப்பட்ட அந்தப் பள்ளி மாவட்டம் பின்னால் ரோட்ரிகஸின் வாதத்தையே ஆதரித்து உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது, பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

1973 மார்ச் 21-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பெற்றோர் தோற்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், அமெரிக்க அரசியல் சாசனம் கல்வியை அடிப்படை உரிமையாகச் சொல்லவில்லை என்றார். எட்ஜ்வுட் பிள்ளைகளுக்குக் கல்வி அடியோடு மறுக்கப்படவில்லை, உள்ளூர்ப் பள்ளியை உள்ளூர் மக்களே நிர்வகிப்பதில் நியாயம் இருக்கிறது, மாற்றம் வேண்டுமானால் சட்டமன்றம் செய்யட்டும் என்பது அவருடைய வாதம். பள்ளியில் இன ஒதுக்கலுக்கு எதிரான 1954 வழக்கில் வாதாடி வென்று, பின்னர் அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த தர்குட் மார்ஷல் நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். வரி விதிக்கச் சொத்தே இல்லாத இடத்தில் உள்ளூர் அதிகாரம் என்பதற்கு என்ன பொருள் இருக்க முடியும் என்பது அவர் எழுப்பிய கேள்வியின் சாரம். என் கட்சி மார்ஷல் கட்சிதான்.

கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவு அத்தோடு மூடியது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. மாநிலச் சாசனம் என்ற இன்னொரு கதவு மிச்சமிருந்தது. பொதுப் பள்ளிகள் திறம்பட நடக்க வழி செய்வது சட்டமன்றத்தின் கடமை என்று டெக்சாஸ் சாசனம் வெளிப்படையாகவே சொல்கிறது. 1984-ல் எட்ஜ்வுட் மாவட்டமே மனுதாரராக மாநில நீதிமன்றம் போனது. மெக்சிகோ வம்சாவளியினரின் உரிமைகளுக்காக 1968-ல் சான் அன்டோனியோவிலேயே தொடங்கப்பட்ட சட்ட அமைப்பு ஒன்று வழக்கை எடுத்து நடத்தியது. ரோட்ரிகஸ் அதிலும் ஒரு மனுதாரர்.

1989 அக்டோபர் 2-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னது: இந்த முறை செல்லாது. அதற்குள் இடைவெளி 1968-ஐ விடப் பெரிதாகியிருந்தது. மாநிலத்தின் மிக வளமான மாவட்டத்தில் ஒரு மாணவருக்குச் சொத்து மதிப்பு 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல், மிக ஏழ்மையான மாவட்டத்தில் ஏறத்தாழ 20,000 டாலர். எழுநூறுக்கு ஒன்று! எட்ஜ்வுட்டில் 38,854 டாலர், அலமோ ஹைட்ஸில் 5,70,109 டாலர். 1968-ல் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு 1989-ல் முப்பது வயது நெருங்கியிருக்கும். நீதி வந்தது, அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்காலம் முடிந்து வெகு நாளாகியிருந்தது.

பிறகும் சட்டமன்றம் இழுத்தடித்தது. கொண்டுவந்த சட்டங்களை நீதிமன்றம் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளியது. 1993 மே மாதம் சாசனத்தைத் திருத்தி வழிசெய்ய நினைத்தார்கள், மக்கள் வாக்கெடுப்பில் அது தோற்றது. ஜூன் 1-க்குள் சட்டம் வராவிட்டால் பள்ளிகளுக்கான மாநிலப் பணம் நிற்கும் என்ற நிலை. கடைசி நேரத்தில் ஒரு சட்டம் பிறந்தது. ஒரு மாணவருக்கு 2,80,000 டாலருக்கு மேல் சொத்து மதிப்புள்ள மாவட்டங்கள் உபரியைப் பொதுவுக்குத் தர வேண்டும் என்றது அது. பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த ஆங்கிலக் கதை நாயகன் பெயரில் ‘ராபின் ஹூட்’ சட்டம் என்றே அதை ஊர் அழைக்கிறது. சட்டத்தை வெறுத்தவர்கள் அதிகம் பயன்படுத்திய பெயர் அது. எனக்கு அந்தப் பெயரில் ஒப்புதல் இல்லை. மாநிலம் கோடு போட்டு வரி போடும் உரிமையை ஒரு பக்கத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்பது கொள்ளை ஆகாது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். ஒன்றை மனம் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும்: அன்றாடச் செலவுக்கான பணத்தில் அந்தப் பழைய பள்ளத்தாக்கு இன்று இல்லை. அலமோ ஹைட்ஸ் உபரியைத் திருப்பிக் கட்டும் மாவட்டங்களில் ஒன்று. எட்ஜ்வுட்டுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி மாநிலத்திலிருந்து வருகிறது. ஏழைக் குடும்பப் பிள்ளைக்கும், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கும் கூடுதல் தொகை உண்டு. ஒரு தகட்டு வேலைக்காரரும் அவருடைய அக்கம்பக்கத்தாரும் தொடங்கிய போராட்டம் தந்த பலன் இது. அவர் 2013-ல் 87 வயதில் காலமானார். சாகும் முன் இதையாவது பார்த்தார்.

கட்டடத்தின் கதை வேறு. திருப்பிக் கட்ட வேண்டியது சம்பளம், மின்சாரம் போன்ற அன்றாடச் செலவுக்கான வரியில்தான். புதுக் கட்டடம், ஆய்வுக்கூடம், விளையாட்டரங்கம் கட்டக் கடன் பத்திரம் வெளியிட்டு அதை அடைக்க விதிக்கும் வரி முழுக்க அந்த மாவட்டத்துக்கே. அங்கே சொத்து மதிப்பின் பழைய கணக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு சென்ட் வரியில் ஒரு மாவட்டம் நீச்சல் குளம் கட்டும், இன்னொரு மாவட்டம் கூரை ஒழுகலை அடைக்கும். ஏழை மாவட்டங்களின் கட்டடக் கடனுக்கு உதவ 1997-ல் ஒரு மாநிலத் திட்டம் வந்தது. அது முழு இடைவெளியை நிரப்புவது அல்ல.

அன்றாட வரியிலும் ஓட்டை உண்டு. அடிப்படை விகிதத்துக்கு மேல் விதிக்கும் முதல் எட்டு சென்ட்டைப் பள்ளி நிதிக்காரர்கள் ‘கோல்டன் பென்னி’ என்கிறார்கள். அதில் கிடைப்பதை வளமான மாவட்டம் திருப்பித் தர வேண்டியதில்லை. அதற்கு மேலுள்ளவை ‘காப்பர் பென்னி’, அவற்றில் திருப்பிக் கட்டல் உண்டு. ஒரு பிள்ளையின் படிப்பைத் தங்கக் காசு, செப்புக் காசு என்று பிரிக்கும் அளவுக்குச் சட்டம் சிக்கலாகிவிட்டது. 2016-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றமே, இந்த முறை குறைகள் மலிந்தது, ஆனாலும் சாசனப்படி செல்லும் என்று சொல்லி விலகிக்கொண்டது. பள்ளிக்கல்விக்கு 2011-ல் 540 கோடி டாலர் வெட்டியதை எதிர்த்து 600-க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் தொடுத்த வழக்கு அது. அந்த முறை ஏழை மாவட்டமும் பணக்கார மாவட்டமும் ஒரே பக்கம் நின்றன.

சொத்து மதிப்பை அளவுகோலாக வைத்ததில் இன்னொரு கோளாறும் இன்று வெளிப்பட்டிருக்கிறது. ஆஸ்டின் நகரில் மென்பொருள் நிறுவனங்கள் வந்து நிலத்தின் விலை வானத்துக்கு ஏறியது. மாநிலத்திலேயே மிக அதிகமாகத் திருப்பிக் கட்டுவது ஆஸ்டின் பள்ளி மாவட்டம்தான். அங்கே படிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் வறிய குடும்பத்தவர். நகர மையத்தின் உயரக் கட்டடங்கள் தரும் வரி அவர்கள் பெயரில் ‘வளம்’ என்று எழுதப்படுகிறது. ஏழைகள் மிகுந்த ஹூஸ்டனும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. 2016 நவம்பரில் ‘கட்ட மாட்டோம்’ என்று வாக்களித்த ஹூஸ்டன் மக்கள், கட்டாவிட்டால் விலைமதிப்பான சொத்துகளே வேறு மாவட்டத்துக்குப் பிரித்துத் தரப்படும் என்றதும் அடுத்த ஆண்டு மே மாதம் ஒத்துக்கொண்டார்கள்.

இதில் மாநில அரசின் பங்குதான் என்னைக் கோபப்பட வைக்கிறது. ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகை 2019-ல் 5,140 டாலரிலிருந்து 6,160 டாலராக உயர்ந்தது. நல்ல காரியம். அதன்பின் விலைவாசி ஏறிய ஆறு ஆண்டுகளில் அது அசையவே இல்லை. 2023-ல் மாநிலக் கருவூலத்தில் 3,000 கோடி டாலருக்கு மேல் உபரி இருந்தது. சொத்து வரியைக் குறைக்க 1,800 கோடி ஒதுக்கினார்கள். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் திட்டத்தை ஏற்றால்தான் பள்ளி நிதி என்று ஆளுநர் பிடிவாதம் பிடித்தார், அடிப்படைத் தொகை ஒரு டாலர்கூட ஏறவில்லை. 2025-ல் அந்தத் திட்டம் 100 கோடி டாலரில் சட்டமாகிவிட்டது. பொதுப் பள்ளிகளுக்கும் சுமார் 850 கோடி டாலர் ஒதுக்கினார்கள், ஆசிரியர் சம்பளம் ஏறியது. அடிப்படைத் தொகையில் கூடியது 55 டாலர்.

தனியார் பள்ளிக்குப் பணம் தரும் இந்த யோசனைக்கு எட்ஜ்வுட் வேறொரு வழியில் முன்னோடி. 1998-லேயே ஒரு தனியார் அறக்கட்டளை, எட்ஜ்வுட்டின் ஏழைப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போகப் பத்தாண்டுக்கு 5 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. பிள்ளைகள் வெளியேறினார்கள். 2001-ல் கெல்லி தளமும் மூடப்பட்டது. அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகள் வந்தன. ஊர்வலம் கிளம்பிய உயர்நிலைப்பள்ளி 1990-களிலேயே மூடப்பட்டுவிட்டது. 22,000 பேர் படித்த மாவட்டத்தில் இன்று பத்தாயிரம் பேர்கூட இல்லை. பணம் பிள்ளையின் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது, அதுவும் பட்டியலில் உள்ள பெயருக்கு அல்ல, தினமும் வகுப்புக்கு வரும் சராசரி எண்ணிக்கைக்கு. காய்ச்சலில் பிள்ளை படுத்தாலும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும், பேருந்து ஓடித்தான் ஆக வேண்டும். வரவு மட்டும் குறையும்.

அன்று எட்ஜ்வுட்டின் தலைவிதியாக இருந்த ஒன்று இன்று மாநிலம் முழுவதும் பரவியிருக்கிறது. 2023-24-ல் டெக்சாஸில் புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்ட ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆசிரியர் சான்றிதழ் இல்லை.

இந்தக் கதையில் நமக்கும் இடம் உண்டு. டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் வட்டாரங்களில் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வீடு வாங்கப் போகும் மகன் ஊருக்கு போன் பண்ணும்போது, “ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லாருக்கும்மா, அதான் விலை கூட” என்று சொல்வதைக் கேட்காத அம்மா அப்பா குறைவு. ஃபிரிஸ்கோ, பிளேனோ, கேட்டி என்று அந்தப் பெயர்கள் நம் வீட்டுக் கூடங்களிலேயே புழங்குகின்றன. பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடுவதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நல்ல பள்ளி இருப்பதால் வீட்டு விலை ஏறுகிறது, வீட்டு விலை ஏறுவதால் பள்ளிக் கட்டடங்களுக்கு மேலும் பணம் வருகிறது. அந்தச் சக்கரத்துக்குள் நாமும் ஒரு சம்பளத்தைப் போடுகிறோம். கோட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளையின் பெற்றோரும் எட்ஜ்வுட்காரர்களைப் போல வரி கட்டுகிறவர்கள்தான்.

அதனால் அங்கே குடியுரிமை பெற்று வாழும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி மாவட்ட உறுப்பினர் தேர்தலிலும் கடன் பத்திர வாக்கெடுப்பிலும் வாக்களிக்கிறவர்கள் வெகு சிலரே, நீங்கள் போய் வாக்களியுங்கள். உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரைக் கூப்பிட்டு, அடிப்படைத் தொகையை விலைவாசியோடு ஏற்றச் சொல்லுங்கள், ஏழை மாவட்டங்களின் கட்டடங்களுக்கு மாநிலம் எவ்வளவு தரப்போகிறது என்று கேளுங்கள். டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறை 140 நாள் மட்டுமே வழக்கமாகக் கூடுகிறது. அடுத்த கூட்டத்தொடர் 2027 ஜனவரியில்.